பொடிசு கட்டிய பேட்டரிகள்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாளாம். அப்புறம் வளர்ந்த வேகத்தில், அவள் அண்ணனைவிட, அதாவது என் வீட்டுக்காரரைவிட, அரை அடி உயரமாகிவிட்டாள். கதவு நிலையில் தலையைக் குனிந்து நுழைகிற நாற்பது வயசுப் பெண்ணைப் பொடிசு என்று கூப்பிட்டால், புதிதாக வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அவள் எமர்ஜென்சி விளக்கு செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விளக்குக்குள் வைக்கிற பேட்டரியைக் கட்டுவது அவள் பிரிவு. தொழிற்சாலையை வேறு எங்கேயோ தூரமாகக் கொண்டுபோய்விட்டார்கள். அதோடு விடுதியையும் மூடிவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"நாலு நாள் இருந்துட்டு, ஒரு வேலை பாத்துக்கிட்டுப் போயிடறேன் அண்ணி."

அந்த நாலு நாள் முடியவேயில்லை. எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை சோறு போட்டால் தட்டைக் கையால் மறைப்பாள். நான் எழுவதற்குள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரு சொந்தக்காரி மாதிரி இல்லாமல், விருந்தாளி மாதிரியும் இல்லாமல், தண்டச்சோறு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடினாள்.

நானும் என் வீட்டுக்காரரும் கதவு, ஜன்னல், அலமாரி செய்து பொருத்துகிறவர்கள். அளவு எடுப்பது, அறுப்பது அவர். சுவரில் துளை போடுவது, திருகு முடுக்குவது, கடைசியில் கதவு சத்தமில்லாமல் மூடுகிறவரை மல்லுக்கட்டுவது நான். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரே கம்பெனியின் பேட்டரி மெஷின்கள் இருந்தன. ட்ரில், திருகு மெஷின், கை ரம்பம். மூன்றுக்கும் ஒரே மாதிரி பேட்டரி, ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம். மொத்தம் ஆறு இருந்தது.

அந்த ஆறும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தன. முழுசாகச் சார்ஜ் ஏறியதாகப் பச்சை விளக்கு காட்டும். நாலு துளை போட்டால் மூச்சு வாங்கும். அஞ்சாவது துளையில் ட்ரில் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். கடைக்குப் போனால், அந்த மாதிரி பேட்டரி செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது என்றார்கள். புது மாதிரி பேட்டரி இந்த மெஷினில் நுழையாது.

"மெஷினெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இதைப் போய் எப்படித் தூக்கிப் போடறது?" என்று அவர் ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு போலி பேட்டரி வாங்கி வந்தார். அதே நிறம், அதே எழுத்து. கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் மதியம் சார்ஜரில் இருந்தபடியே அடிப்பக்கம் உருகி, ஒரு நாற்றம் வந்தது. அவர் இடுக்கியால் அதைப் பிடித்துத் தெருவுக்கு ஓடினார். சாக்கடை ஓரமாகப் போட்டு, அது புகைந்து அடங்குகிறவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறின பிறகு பொடிசு அதைப் பொறுக்கி எடுத்து, திருகைக் கழற்றிப் பிரித்தாள். "பத்து செல் இருக்கணும் அண்ணி. அஞ்சுதான் வச்சிருக்கான். மிச்ச இடத்துல அட்டையை மடிச்சுச் சொருகியிருக்கான்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரலில் கொஞ்சம் உப்பு உறைப்பு இருந்தது. அடுத்தவர் செய்த மோசமான வேலையைப் பார்த்தால் தொழில் தெரிந்தவர்களுக்கு வருகிற கோபம் அது.

எங்கள் பழைய பேட்டரி ஒன்றையும் பிரித்துப் பார்த்தாள். கட்டை விரல் அளவுக்கு உருளை உருளையாகப் பத்து செல். மேலே ஒரு சின்னப் பச்சைப் பலகை. எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று பேட்டரிக்குக் கணக்குப் பார்க்கிற மூளை அது.

"இதைத்தான் அண்ணா நான் அங்க நாள் முழுக்கக் கட்டிக்கிட்டிருந்தேன். செல்லை மாத்திட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

"வேணாம்" என்றார் அவர். தெருவுக்கு ஓடின ஓட்டம் இன்னும் அவர் காலை விட்டுப் போகவில்லை. "வீட்டுக்குள்ள நெருப்பை வச்சு விளையாட வேணாம்."

"வீட்டுக்குள்ள வேணாம். பின்னாடி தகரக் கொட்டகைல பண்றேன். ஒரு வாளி மணல் பக்கத்துலயே வச்சுக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அது சம்மதம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செல்லை ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாதாம். அந்தச் சூட்டிலேயே செல் பாதி செத்துவிடும். மெல்லிய நிக்கல் பட்டையை வைத்து, ஒரு நொடிகூட ஆகாத மின்பொறியில் ஒட்டவேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. அது எங்கே கிடைக்கும் என்று அலைந்தபோது, தொழிற்சாலைச் சாமான்களையெல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டாள். நானும் கூடப் போனேன். துருப்பிடித்த மின்விசிறிகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் புகுந்தவள், கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, இங்க வாங்க" என்றாள்.

காலால் மிதித்தால் வேலை செய்கிற ஒட்டு மெஷின் ஒன்று குப்புறக் கிடந்தது. மிதிகட்டையில் நீலத்துணி சுற்றியிருந்தது.

"இது நான் சுத்தினது. செருப்பு வழுக்கும்னு சுத்தினேன். இது என் மெஷின்."

மூட்டை தூக்கவே முகம் சுளிக்கிறவள், அந்த இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தாள். ஆட்டோ பிடிக்கலாம் என்று சொன்னதற்கு, குலுக்கினால் கெட்டுவிடும் என்றாள்.

கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி புதுச் செல்கள் வாங்கித் தந்தாள். பொடிசு கொட்டகையில் உட்கார்ந்தாள். டப் டப் என்று மிதிகட்டை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் பேட்டரி தயாரானது. சார்ஜரில் மாட்டினாள். சிவப்பு விளக்கு கண்ணடித்தது. ஏறவில்லை. இரண்டாவதைக் கட்டினாள். அதுவும் அதே சிவப்பு.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பாள். "போகட்டும் விடு பொடிசு" என்று கனிவாகச் சொன்னதுதான் அவளைக் கொன்றது. அன்றைக்கு மறுபடியும் தட்டைக் கையால் மறைத்தாள்.

இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மூன்றாவது நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரச் சட்டையைத் தோளில் போட்டபடியே அப்படியே நின்றாள்.

"தொழிற்சாலைல பலகையைக் கடைசியாத்தான் வைப்போம் அண்ணி. கழட்டினதே இல்ல. நான் பழைய செல்லை வெட்டி எடுத்த உடனே பலகைக்கு மின்சாரம் நின்னுபோச்சு. செல் செத்துட்டதா நெனச்சு அது தன்னைத்தானே பூட்டிக்கிச்சு. மூளைக்கு ரத்தம் நின்னா என்ன ஆகும்? அதான் ஆயிருக்கு."

"அப்ப என்ன பண்ணுவ?"

"ரத்தம் நிக்காம ஆபரேஷன் பண்ணணும்."

மூன்றாவது பேட்டரிக்கு அப்படித்தான் செய்தாள். பழைய செல்லை வெட்டுவதற்கு முன்னால், வேறு செல்களிலிருந்து மெல்லிய கம்பிகளை இழுத்துப் பலகையில் கொடுத்துவிட்டாள். அது எதையும் உணரவில்லை. பழையது போய்ப் புதியது வந்த பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சார்ஜரில் மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தது. நான் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவரைக் கூப்பிட்டோம். ட்ரில்லில் மாட்டி விசையை அழுத்தினார். வண்டு மாதிரி சுற்றியது. ஒரு பழைய உத்தரக் கட்டையில் வைத்து அழுத்தினார். நின்றுவிட்டது. எடுத்தார், சுற்றியது. வைத்தார், நின்றது.

"காத்துல பிரமாதமா ஓட்டை போடுது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பொடிசும் சிரித்தாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். முதல் இரண்டு தடவை தோற்றபோது சுருண்டவள், இந்தத் தடவை சுருளவில்லை. பேட்டரியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான். இது விளக்குச் செல். கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நேரம் குடுக்கும். ட்ரில்லுக்கு ஒரே மூச்சுல அள்ளிக் குடுக்கறது வேணும். குடம் பெருசா இருந்து என்ன பண்றது, வாய் சின்னதா இருக்கே."

சரியான செல் வருவதற்குச் சில வாரம் ஆனது. வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து, ஒத்துப்போகிறதை ஒத்துப்போகிறதோடு சேர்த்து வைத்தாள். சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவ்வளவு பொருத்தம் பார்க்கமாட்டார்கள். பூட்டிக்கொண்ட இரண்டு பலகைகளைத் தவிர, மீதி நாலையும் கட்டி முடித்தாள். உத்தரக் கட்டையில் நானே ட்ரில்லை வைத்து அழுத்தினேன். மரம் சுருள் சுருளாக வெளியே வந்தது. என் மணிக்கட்டு திருகிக்கொண்டது. அந்த மெஷினுக்கு அவ்வளவு பலம் இருந்தது என்பதையே நான் மறந்திருந்தேன். ஓட்டி ஓட்டி பேட்டரி தீர்ந்ததும், பொடிசு புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

"பரவால்ல" என்றார் அவர். "ஆனா வேலைக்கு எடுத்துட்டுப் போக வேணாம். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

மறுநாள் காலையில் கொட்டகை அலமாரியில் மூன்றுதான் இருந்தது. பொடிசு பதறிப்போய்த் தேடினாள். சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில், துண்டில் சுற்றி நாலாவது இருந்தது.

"சும்மா... வெய்யில் படட்டுமேனு எடுத்துட்டுப் போனேன்" என்றார்.

அன்றிலிருந்து நாலும் வேலைக்கு வந்தன. மரக்கடையில் எங்களைப் பார்த்த காண்ட்ராக்டர் ஒருவர், வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர் என்பதால் கூலிங்கிளாஸ் என்று பெயர், பேட்டரியின் ஓரத்தில் பொடிசு ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்து, "என்ன மேஸ்திரி, செத்ததுக்கு மறுவாழ்வா?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. வாய்தான். அவரிடம் எல்லாமே புது மெஷின்.

பிறகு அந்தப் புயல் வந்தது.

கரையைத் தொடப் போகிறது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் நினைத்ததைவிட வேகமாக நகர்ந்து வந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு முதியோர் இல்லம் உண்டு. அதன் முன்பக்கம் முழுக்க நீளக் கண்ணாடித் தாழ்வாரம். கண்ணாடிக்குப் பின்னால் அறைகள், அறைகளில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள். ஊருக்கு வெளியே போகிற பாலத்தை மூடிவிட்டதால் அவர்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வண்டி வரவில்லை. நிர்வாகி அம்மா எங்களுக்குப் போன் செய்தார்.

"காலையிலேர்ந்து ஒரு குழு பலகை அடிச்சுக்கிட்டிருந்தாங்க. பாதியில நின்னுபோச்சு. உங்களால வர முடியுமா?"

அவர் நாலு பேட்டரியையும் பையில் போட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "பொடிசு, நீயும் வா."

அவள் அதுவரை எங்களோடு வேலைக்கு வந்ததே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போய்ப் பார்த்தால் அங்கே நின்றது கூலிங்கிளாஸ். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பாதுகாப்புக்கு என்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் ஆட்கள் அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாப் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கான்கிரீட் சுவரில் ஆணி இறங்கவில்லை. சுத்தியலால் அடித்ததில் ஒரு கண்ணாடி கீறல் விட்டிருந்தது. தாழ்வாரத்தில் பாதி திறந்து கிடந்தது. ப்ளைவுட் பலகைகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. காற்று அதற்குள் மணலை வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட எத்தனை பேட்டரி இருக்கு?" என்று கேட்டார்.

"நாலு" என்றார் என் வீட்டுக்காரர்.

கூலிங்கிளாஸ் மீதி ஜன்னல்களைப் பார்த்தார். "பத்தாது மேஸ்திரி."

பொடிசு தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். "பலகைக்கு எத்தனை திருகு போடறீங்க?"

"பன்னெண்டு."

"எட்டு போதும். மூலைக்கு ஒண்ணு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல ஒண்ணு. ஆனா ஆழமா இறங்கணும். ரம்பத்துல பேட்டரி மாட்டாதீங்க, அறுக்கறதைக் கையால அறுங்க. ட்ரில்லுல ஒண்ணு, திருகு மெஷின்ல ஒண்ணு ஓடட்டும். ரெண்டு நிழல்ல இருக்கட்டும். சூடானதும் என்கிட்ட குடுங்க. பேட்டரி மேல எரியற சார்ஜ் விளக்கு ஒண்ணுக்கு வந்ததும் நிறுத்துங்க. அது தானா நிக்கறவரைக்கும் பிழியாதீங்க."

யாரும் அவளிடம் யோசனை கேட்கவில்லை. ஆனால் யாரும் மறுத்துப் பேசவும் இல்லை. அவள் அண்ணன் மட்டும், "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் எல்லோரையும் பார்த்து.

ஆரம்பித்தோம். கூலிங்கிளாஸும் அவர் ஆட்களும் பலகையைத் தோள் கொடுத்துப் பிடித்தார்கள். நான் துளை போட்டேன். அவர் திருகு இறக்கினார். பொடிசு ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்த பேட்டரியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறினதை எடுத்து நீட்டினாள். கான்கிரீட் தூள் என் பல்லுக்குள் நறநறத்தது. ஒரு ஜன்னல், அடுத்த ஜன்னல் என்று மூடிக்கொண்டே போனோம். உள்ளே இருட்டிக்கொண்டே வந்தது. ஒரு அறைக்குள்ளிருந்து ஒரு பெரியவர், "யாருப்பா வீட்டை இடிக்கறது?" என்று கேட்டார். "இடிக்கல தாத்தா, கட்டறோம்" என்று ஒரு ஆள் கத்தினான்.

முதல் பேட்டரி தீர்ந்தது. இரண்டாவது தீர்ந்தது. பொடிசு அவற்றைத் தனியாக, சுவரோரமாக, காற்று படுகிற இடத்தில் வைத்தாள்.

"பொடிசு, அடுத்தது எது?" என்று அவர் திரும்பாமலேயே கையை நீட்டினார். தங்கச்சி சொல்லி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கை பத்துத் தடவையாவது அப்படி நீண்டிருக்கும்.

கடைசி ஜன்னல்தான் பெரியது. கோடியில், கடலைப் பார்த்தபடி. பலகையைத் தூக்கியதும் காற்று அதைப் பட்டம் மாதிரி பிடுங்கப் பார்த்தது. கூலிங்கிளாஸின் கண்ணாடி பறந்து எங்கேயோ போனது, அவர் கவனிக்கவே இல்லை. ஆறு பேர் முதுகைக் கொடுத்து அமுக்கினார்கள். நான் துளைகளை எல்லாம் போட்டுவிட்டேன். அதோடு என் பேட்டரி முடிந்தது. அவர் மேலே ஒரு திருகை இறக்கினார். இரண்டாவது பாதியில் இருக்கும்போது அவருடையதும் நின்றது.

"அவ்வளவுதான்" என்றார் கூலிங்கிளாஸ், பலகைக்கு அடியிலிருந்து.

பொடிசு சுவரோரத்திலிருந்து முதலில் தீர்ந்ததை எடுத்து வந்தாள்.

"அது காலி" என்றேன்.

"காலி இல்ல அண்ணி. விளக்கு ஒண்ணுல நிறுத்தச் சொன்னேன்ல. பிழியாம வச்சிருந்தோம், ஆறவும் விட்டாச்சு. கொஞ்சம் குடுக்கும். மூலைங்க மட்டும் போடறேன். அண்ணா, மெஷினைக் குடு."

குடுங்க இல்லை, குடு என்றுதான் சொன்னாள். அவரும் குடுத்தார். அவளுக்கு ஏணி தேவைப்படவில்லை. எங்களில் யாருக்கும் ஏணியில்லாமல் எட்டாத மேல்மூலையை நின்ற இடத்திலேயே எட்டினாள். பாதியில் நின்ற திருகு இறங்கியது. கீழ்மூலை ஒன்று. மெஷின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. நாலாவது மூலைக்கு அடுத்த பேட்டரியை மாற்றினாள். திருகு முனகிக்கொண்டே உள்ளே போய், தலை பலகைக்குள் புதைந்தபோது மெஷின் நின்றது.

"விடுங்க" என்றாள்.

ஆறு பேரும் முதுகை எடுத்தார்கள். பலகை அசையவில்லை. மீதித் திருகுகளைக் கையாலேயே முடுக்கினோம்.

திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே எல்லோரோடும் தங்கினோம். புயல் அடித்து ஓய்ந்து, மறுநாள் வெளிச்சத்தில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றிப் பார்த்தோம். தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிகூடப் போகவில்லை. சமையலறையில் ஒரு சின்ன ஜன்னல் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். அது மட்டும் சுக்குநூறு. சமையல்காரர், "எங்களை யாரு நெனச்சா" என்று முனகிக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தார். நிர்வாகி அம்மா பொடிசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "டீ ஆறிடும்" என்றாள் பொடிசு.

அந்த வாரமே கூலிங்கிளாஸ் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே அத்தனையும் செத்த பேட்டரி. என் வீட்டுக்காரரிடம்தான் கொடுக்கப் போனார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட ஏன் குடுக்கறீங்க? வேலை தெரிஞ்சவ அங்க இருக்கா."

கூலிங்கிளாஸ் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் பைப் வேலை செய்கிறவர்கள், மேடை போடுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள். கொட்டகை போதவில்லை. தெருமுனையில் காலியாக இருந்த ஒரு ஷட்டர் கடையைப் பொடிசு வாடகைக்குப் பிடித்தாள். அண்ணன் மேஜை செய்து போட்டார், அவள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி. எனக்கு அது நெஞ்சு வரை வருகிறது. இப்போது வீட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டால், "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்கிறாள்.

போன வாரம் எங்கள் நாலு பேட்டரியில் ஒன்று கொஞ்சம் மக்கர் செய்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், நானும் போனேன். முன்னால் மூன்று பேர் நின்றார்கள். அவர் அவர்களைத் தாண்டி, சொந்த உரிமையோடு, பேட்டரியை மேஜையில் வைத்தார்.

பொடிசு ஒரு செல்லை அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணா, வரிசைல நில்லு."

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேட்டரியை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற மேடை போடுகிற ஆளிடம், "என் தங்கச்சிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் யாரென்று கேட்கவே இல்லை.